டெர்ரியின் வணக்கத்துக்குப் பதில்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்க்கும் தொழிற்சாலையில் இன்ஜினீயராகச் சேர்ந்தேன்.

2. அங்கே டெர்ரி என்று ஒரு மெஷின் செட்டர்; அச்சை மாட்டி மெஷினைத் தயார் செய்பவர். என் அப்பா வயது. காலையில் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் "ஏ அப், டக். ஆல்ரைட்?" என்பார்.

3. நான் திரும்பிப் பார்க்காமல் போவேன்.

4. ஒரு கட்டத்தில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை.

5. ப்ரொபேஷன் முடிய வேண்டிய வாரத்தில் என் மேலாளர் ஹெலன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பணியை இப்போதைக்கு உறுதி செய்ய முடியாது, இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கிறோம் என்றார்.

6. காரணம் மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது.

7. இதற்கு மேல் ஒன்றிரண்டு வரியில் அடங்காது.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என் விசா என் பெயரில் இருந்தாலும் கம்பெனியின் கையில் இருக்கிறது. கம்பெனி என்னை வேண்டாம் என்றால் சில வாரங்களுக்குள் வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பி வருவதில் அவமானம் ஒன்றும் இல்லை. அங்கே சிப்காட்டில் நாலு வருடம் இதே தொழிலில்தான் இருந்தேன். ஆனால் அங்கே மற்றவர்கள் எடுத்த முடிவுக்கு ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. இங்கேதான் முதல்முறையாக ஒரு முழுப் பிரச்சினையை என்னிடம் கொடுத்தார்கள். வார்ப்புக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் விழுகின்றன. ஏன் என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க மெஷின் வேண்டும். எந்த மெஷின் எப்போது காலியாகும் என்பது செட்டர்களுக்குத்தான் தெரியும்.

ஹெலன் சுற்றி வளைக்கவில்லை. "போன மாதம் நாலாம் நம்பர் மெஷின் முன்னால் சாம்பிள் பெட்டிகளோடு போய் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா?" என்றார்.

இருந்தது. அன்று அச்சு மாற்றுவதை ஒரு நாள் முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள். மெஷின் பிரித்துக் கிடந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"யாரும் உன்னிடம் மறைக்கவில்லை. டெர்ரி காலையில் டீ கெட்டில் பக்கத்தில் நின்று சொன்னார். அது சொல்லப்படுகிற இடத்தில் நீ இல்லை. எப்போதுமே இல்லை."

ஹெலன் தொடர்ந்தார்.

"டெர்ரி புகார் கொடுக்கவில்லை. நான் கேட்டதால் சொன்னார். இந்தப் பெண் வந்ததிலிருந்து தினமும் காலையில் வணக்கம் சொன்னேன், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, இப்போது நிறுத்திவிட்டேன் என்றார்."

"அது வணக்கம் என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

"பின்னே என்னவென்று நினைத்தாய்?"

இதற்கு என்னிடம் ஆங்கிலத்தில் பதில் இல்லை. தமிழில் இருக்கிறது. அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

8. புதுவாயல் கூட்ரோடில் நின்று பஸ் ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அது கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிற சந்திப்பு. டீக்கடை, டிபன் கடை, பஞ்சர் கடை, ஷிப்ட் முடிந்து வரும் ஆட்கள், ஷிப்டுக்குப் போகும் ஆட்கள், நிற்காமல் ஓடும் லாரிகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய கடைசி நாள் வரை நான் நின்ற இடம் அதுதான்.

அங்கே ஒரு பெண் தனியாக நின்றால் குரல் வரும். "ஏய்." "இன்னா மேடம், கண்டுக்கவே மாட்றீங்க." "ஹலோ, ஒரு ஸ்மைலு." அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "எவன் கூப்ட்டாலும் திரும்பாத. திரும்பனா பேச்சு வளரும்."

திரும்பாமல் இருப்பதற்கும் ஒரு முறை உண்டு. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நான் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் படிப்பேன். முக்கியமாக, நடையின் வேகத்தைக் கூட்டக் கூடாது. கூட்டினால் காதில் விழுந்தது தெரிந்துவிடும். நான் இதில் நல்ல தேர்ச்சி. எங்கள் தெருவில் "ஏழுமலை பொண்ணு ரோட்ல போனா போறதே தெரியாது" என்று பாராட்டாகச் சொல்வார்கள்.

டெர்பிக்கு வந்த முதல் வாரம், ஒரு பெரிய ஷெட், உள்ளே முழுக்க ஆண்கள், மெஷின் சந்திலிருந்து ஒரு குரல் "ஏ" என்று தொடங்குகிறது. என் கால்களுக்கு வேறெதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வேகம் கூட்டாமல் நடந்தன.

9. இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. என் தாத்தா மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவர் வயதில் பாதி இருந்தவர்கள்கூட அவரை "டேய்" என்றார்கள். அப்பா நிலத்தை விட்டு வந்து இரும்பு உருட்டும் மில்லில் ஹெல்பராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பெயர் "ஏ ஹெல்பர்". நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு சிப்காட்டில் சேர்ந்த அன்று ஒரு ஆபரேட்டர் "மேடம், இந்தக் கையெழுத்து" என்று தாளை நீட்டினார். வீட்டில் வந்து சொன்னபோது நைனா (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னொரு வாட்டி சொல்லு, இன்னான்னு கூப்ட்டாரு?" என்று கேட்டார். மூன்று முறை சொல்ல வைத்தார்.

அந்தக் கம்பெனியில் நம் ஊர் ஆபரேட்டர்களுக்கு நான் மேடம். பீகாரிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன்களுக்கு தீதி, அதாவது அக்கா. ஆந்திரா லோடு கொண்டுவரும் டிரைவர்களுக்கு அம்மா. பெரிய மேனேஜருக்கு மட்டும் "ஏம்மா". ஒவ்வொரு சொல்லும் நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று சொல்லிவிடும். மேலே யார், கீழே யார், எவ்வளவு தூரம் என்று சட்டென்று தெரியும்.

"டக்" எதையும் சொல்லவில்லை. வாத்து. நான் இவ்வளவு தூரம் படித்து, பறந்து வந்தது ஒரு செட்டர் என்னை வாத்து என்று கூப்பிடுவதற்கா என்று முதல் மாதம் முழுக்கப் புழுங்கினேன்.

பதிலுக்கு நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். எல்லோரும் டெர்ரி என்றார்கள், பதினெட்டு வயது அப்ரன்டிஸ்கூட. என் அப்பா வயதில் இருப்பவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்குப் புரளாது. சார் என்றால் சிரிப்பார்கள் என்று முதல் வாரமே புரிந்தது. அண்ணே என்பதற்கு அவர்களிடம் சொல் இல்லை. எந்தச் சொல்லும் பொருந்தாததால் நான் எடுத்த முடிவு, கூப்பிடாமலே இருப்பது. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அவர் என்னைப் பார்க்கும் வரை பக்கத்தில் போய் நிற்பேன். சில சமயம் வெகுநேரம் நிற்பேன். அவர் பார்க்காவிட்டால் கேட்காமலே திரும்பி வந்துவிடுவேன்.

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

10. ஹெலன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது விசா இல்லை. நைனாவின் மில் வாசல்.

பள்ளி விடுமுறையில் சில நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். மேனேஜர் கார் வந்து நிற்கும். நைனா எழுந்து நின்று "வணக்கம் சார்" என்பார். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். திமிர் பிடித்தவர் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் காதில் அது ஒரு சத்தமாகக்கூட விழவில்லை. நைனா அதை வீட்டில் நடித்துக் காட்டுவார். "இன்னிக்குச் சொன்ன வணக்கம் இன்னும் கேட்டாண்ட காத்துலயே நின்னுக்கினு கீது. நாளைக்குப் போய் எடுத்துக்கினு வரணும்." நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் கேட்டேன், "அவரு திரும்பவே மாட்றாரே, ஏன் நைனா தெனம் சொல்ற?"

"சொல்லலன்னா அது மட்டும் அவன் கண்ல கரெக்டா படும்மா" என்றார். அன்று நடித்துக் காட்டவில்லை.

ஹெலன் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. இத்தனை மாதமாக வணக்கத்தைக் காற்றில் நிற்க வைத்துக்கொண்டிருந்தது நான்.

11. நீட்டிப்புக் கடிதம் மறுநாள் வந்தது. "டியர் மிஸ் ஏழுமலை" என்று தொடங்கியது. இங்கே எல்லா அலுவலகத்திலும் நான் மிஸ் ஏழுமலைதான்; பவானி என்ற என் பெயர் நடுவில் எங்கோ போய்விட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டதன் விளைவு. விசா அலுவலகம், வங்கி, மருத்துவமனை எல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னை வரிசையிலிருந்து எழுப்புகின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோ கால் போட்டேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"இன்னாமா, நாஷ்டா துன்னியா?" என்று நைனா ஆரம்பித்தார்.

"ஆச்சு நைனா. வேலைய இன்னும் பெர்மனென்ட் பண்ணல. மூணு மாசம் தள்ளி வெச்சிட்டாங்க. மிஸ் ஏழுமலைன்னு லெட்டர் வந்துகீது."

"நான் எப்போம்மா மிஸ்ஸானேன்?"

அம்மா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "வெளாடாத. ஏன்டி தள்ளி வெச்சாங்க?"

சொன்னேன். டெர்ரியைச் சொன்னேன். அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதையும் சொன்னேன்.

"இன்னாது, வாத்தா?" நைனா மறுபடியும் திரைக்குள் வந்தார். "அறுப்பு முடிஞ்சதும் ஆந்திராக்காரன் வயல்ல ஓட்டிக்கினு வருவானே, அந்த வாத்தா? இஞ்சினீயரப் போயி வாத்துன்றானா?"

"எல்லாரையும் அப்டித்தான் கூப்புடுவாங்கன்னு மேனேஜரு சொன்னாங்க நைனா. மரியாதக் கொறச்சல் இல்லயாம்."

"அந்தாளுக்கு இன்னா வயசு?"

"உன் வயசு."

நைனா அம்மாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். பிறகு, "தெனம் சொன்னாரா?" என்றார்.

"தெனம்."

"நீ திரும்பவே இல்ல?"

"இல்ல."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அம்மாதான் பேசினாள். "நான் சொல்லிக் குடுத்தது புதுவாயலுக்குடி. அத ஏன் ஃபிளைட்ல ஏத்திக்கினு போன? அங்க திரும்பு. இங்க வந்தா திரும்பாத."

12. நான் தங்கியிருப்பது ஜெயந்தி அக்கா வீட்டின் மாடி அறையில். அக்காவுக்குத் திருவள்ளூர் மணவாள நகர். பக்கத்து ஊர்க்காரி என்ற ஒரே காரணத்துக்காக வாரம் இரண்டு நாள் எனக்கும் சேர்த்து உலை வைப்பார். அவர் மகள் மித்ராவுக்கு ஆறு வயது. இங்கேயே பிறந்தவள். நான் சமையலறையில் நின்று டெர்ரிக்கு என்ன பதில் சொல்வது என்று அக்காவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஆர் யூ ஆல்ரைட்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க சித்தி?"

"நல்லா இருக்கேன், ராத்திரி நல்லா தூங்கினேன், தேங்க் யூன்னு சொல்வேன்."

மித்ரா கண்ணை மேலே உருட்டினாள். "அவங்க கேக்கல சித்தி. சும்மா சொல்றாங்க. நீங்களும் ஆல்ரைட்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். நின்னீங்கன்னா அவங்களுக்கு பயமாயிடும்."

எனக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் "ஆர் யூ ஆல்ரைட்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் உருகிய உலோகம் யார் மேலோ தெறித்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே முதல் நாள் வரவேற்பில் ஒரு பெண் அப்படிக் கேட்டதும் நான் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன்.

இப்படி எனக்குப் பாடம் எடுத்த அதே மித்ரா அன்று மாலை பாலே நடன வகுப்புக்குக் கிளம்பும்போது அக்காவிடம் "டாரா, டக்!" என்றாள். போய் வருகிறேன் என்று அர்த்தம். அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார். "பெத்தவள வாத்துங்கறா பாரு. போய்ட்டு வரேம்மான்னு சொல்லுடி." மித்ரா "போயிட்டு வரேம்மா, டக்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு ஓடினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவள் கண்ணில் மறையும் வரை கதவை மூடவில்லை.

13. திங்கட்கிழமை நான் முந்திக்கொள்ள வேண்டும். டெர்ரிதான் நிறுத்திவிட்டாரே.

டெர்ரியின் பேச்சை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். டெர்பிக்காரர் பேசுவது லண்டன்காரருக்கே பாதிதான் புரியுமாம், நாம் பேசுவது மதுரைக்காரருக்குப் பாதி புரிவதைப் போல. அதனால் அவரை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேச விடுகிறேன். அதுதான் சரியாகப் பொருந்துகிறது.

அவர் ஆறாம் நம்பர் மெஷினில் குனிந்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"குட் மார்னிங், சார்" என்றேன்.

நிமிர்ந்தவர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரோ பெரிய ஆள் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்.

"யாரு சாரு?"

"நீங்கதான்."

"நான் இன்னா உனுக்கு வாத்தியாரா? டெர்ரின்னு கூப்புடு, போதும்."

"அதுதான் வரல. எங்க ஊர்ல உங்க வயசுக்காரங்கள பேர் சொல்லிக் கூப்புட மாட்டோம்."

"வேற இன்னான்னு கூப்புடுவீங்க?"

"அண்ணே. இல்லன்னா பெரியவரே."

"பெரியவரா!" ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "இன்னும் அவ்ளோ மோசமாயிடல நானு. எங்க ஊட்டம்மா காதுல உழுந்தா அதையே புடிச்சிக்கும்."

பக்கத்து மெஷினில் யாரோ சிரித்தார்கள். நான் ஒப்பித்து வைத்திருந்ததை அந்தச் சிரிப்புக்குள்ளேயே சொல்லிவிட்டேன். பதில் சொல்லாமல் போனது திமிரால் இல்லை. எங்கள் ஊரில் வழியில் ஆண்கள் குரல் கொடுத்தால் பெண் திரும்பக் கூடாது. அந்தப் பழக்கம் காலில் இருக்கிறது, கழற்ற நாளாகிறது.

டெர்ரி சிரிப்பதை நிறுத்தினார். "அந்த மாரி பசங்கள்ல ஒருத்தன்னு என்னியும் நெனச்சிக்கினியா?"

பொய் சொல்ல வரவில்லை. "கொஞ்ச நாள்."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க எதுவும் இல்லாதபோதும் துடைத்தார். "எனுக்கும் ஒரு பொண்ணு கீது. சனிக்கெழம டவுனுக்குப் போனா அதுவும் அப்டித்தான் நடக்கும், நேரா பாத்துக்கினு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஏன் என்னை டக்னு கூப்புட்றீங்க?"

"எல்லாரையும்தான் கூப்புடுறேன்."

நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் கம்பெனி முதலாளி தலைக்கவசத்தோடு அந்த வழியாக வந்தார். ஆறடி உயரம், வெள்ளை முடி. கும்மிடிப்பூண்டியில் எங்கள் எம்.டி. வருகிறார் என்றால் முதல் நாளே தரையைக் கழுவி, எங்களை வரிசையில் நிறுத்துவார்கள்.

"ஏ அப், டக்" என்றார் டெர்ரி, அவரைப் பார்த்து.

"ஏ அப், டெர்ரி. ஆல்ரைட்?" என்றார் முதலாளி. நிற்காமல் போனார்.

டெர்ரி என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். நான் மேலே யார், கீழே யார் என்று வாழ்நாள் முழுக்கச் சொல் சொல்லாகப் பிரித்துப் பழகியவள். முதலாளிக்கும் எனக்கும் ஒரே சொல். அது என்னைக் கீழே இறக்கவில்லை. யாரையும் எங்கும் ஏற்றவும் இல்லை. என் தாத்தாவை இந்த ஆள் பார்த்திருந்தால் அவரையும் டக் என்றுதான் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றியது. அந்த எண்ணம் எனக்கு அன்று முழுக்கப் போதுமானதாக இருந்தது.

14. அதன் பிறகு கற்றவை. முழுமையான பட்டியல் இல்லை.

"நாட் டூ பேட்" என்றால் நன்றாக இருக்கிறது. "கான்ட் கம்ப்ளெய்ன்" என்றாலும் அதேதான், ஆனால் மூட்டு வலிக்கிறது.

"சீ யூ லேட்டர்" என்று ஹெலன் சொன்னதை நம்பி ஒருநாள் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். அது வருவதாகச் சொல்வதில்லை, போவதாகச் சொல்வது.

மருந்துக் கடைப் பெண்ணுக்கு நான் லவ். பார்சல் கொண்டுவருபவருக்கு மேட். இரண்டுக்கும் நன்றி என்ற பொருளில் "சியர்ஸ்" என்றால் சரியாகிவிடுகிறது.

இந்த ஊரில் டீ போடுவதற்கு "மாஷ்" என்கிறார்கள். டெர்ரி மாஷ் பண்ணும்போது கெட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். டீ வேண்டாம் என்றாலும் நிற்க வேண்டும்.

எல்லாக் குரலும் வணக்கம் இல்லை என்பதையும் எழுத வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது காரில் போகும் பையன்கள் ஜன்னலை இறக்கி எதையோ கத்திவிட்டுப் போவது இங்கேயும் உண்டு. அதில் என் நிறமும் சில சமயம் வரும். அதற்கு இன்றும் திரும்புவதில்லை, லாரி இல்லாததால் வேன்களின் நம்பர் பிளேட்டைப் படிக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லில் இல்லை. டெர்ரி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். காரில் போகிறவன் சொல்லிவிட்டு அவன் கூட்டாளி முகத்தைப் பார்க்கிறான்.

15. கெட்டில் பக்கத்தில் நிற்க ஆரம்பித்து கொஞ்ச நாள் கழித்து, டீயைக் கலக்கிக்கொண்டே டெர்ரி சொன்னார்: "நாலாம் நம்பரு வியாழக்கெழம மத்தியானம் காலியாவுது, டக். ஓணும்னா எடுத்துக்க."

நான் கேட்கவே இல்லை. மூன்று முறை மின்னஞ்சல் எழுதியும் கிடைக்காத மெஷின்.

என் யோசனை எளிமையானது. உருகிய உலோகத்தை அச்சுக்குள் தள்ளும்போது முதல் கட்டத்தில் வேகத்தைக் குறைத்தால் காற்று வெளியே போக நேரம் கிடைக்கும். டெர்ரி அதை முன்பே ஒருமுறை செய்து பார்த்துக் கைவிட்டதாகச் சொன்னார். "கொறச்சா பாதிலயே ஒறஞ்சிடுது." அச்சின் சூட்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டும் என்றேன். கூட்டினால் அச்சில் ஒட்டும் என்றார். ஒட்டாமல் இருக்க மேலே அடிக்கும் திரவத்தை மாற்றலாம் என்றேன். "உன்னிய பேச வெச்சது தப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டே சூட்டைக் கூட்டினார். முதலில் வந்தவை பாதி உறைந்த மூளிகள். டெர்ரி ஒவ்வொன்றையும் தூக்கி என்னிடம் காட்டிவிட்டுத் தொட்டியில் போட்டார். பிறகு முழுதாக வரத் தொடங்கின.

அப்போதுதான் அது நடந்தது. டெர்ரி காதடைப்பான் போட்டுக்கொண்டு, நடைபாதையின் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று ஒரு வார்ப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸில் வந்தது. ஓட்டியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே!" என்று கத்தினேன்.

கும்மிடிப்பூண்டியில் அப்படிக் கத்தினால் ஷெட்டில் இருக்கும் எல்லா ஆண்களும் திரும்புவார்கள். இங்கே ஒருவரும் திரும்பவில்லை. அது யாருடைய பெயரும் இல்லை.

"டெர்ரி!"

என் அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம் காதடைப்பானைத் தாண்டியிருக்கிறது. திரும்பினார், பார்த்தார், ஒரு எட்டு வைத்து கோட்டுக்கு உள்ளே வந்தார். ஃபோர்க்லிஃப்ட் அவர் நின்ற இடத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் வெளுத்துப்போய் இறங்கினார். டெர்ரி அவரிடம் சொன்னது எந்த ஊர்ப் பேச்சிலும் இங்கே எழுத முடியாதது.

பிறகு காதடைப்பானைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக.

"இப்போ கூப்ட்டியே" என்றார், "அதான் என் பேரு."

மெஷின் ஓடுகிற இடத்தில் ஒருவரைக் கூப்பிட ஒரு சொல் இல்லாமல் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்ய முடியாது. மரியாதை என்று நினைத்து நான் காலியாக விட்டிருந்த இடம் அது.

16. இன்றைய நிலவரம்.

அந்த வியாழக்கிழமை வந்த வார்ப்புகளை அறுத்தும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தாகிவிட்டது. குமிழிகள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன, முற்றிலும் போகவில்லை. இரண்டாவது சோதனைக்கு டெர்ரி வரும் புதன்கிழமை மெஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீட்டிப்பு அடுத்த மாதம் முடிகிறது. தன் பக்கத்தில் ஆட்சேபம் எதுவும் இல்லை என்று ஹெலன் வாய்மொழியாகச் சொன்னார். கடிதம் இன்னும் வரவில்லை. டெர்ரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. "ஏ அப்" மட்டும் இன்னும் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக "மார்னிங்" என்கிறேன், அவர் ஏற்றுக்கொள்கிறார். ஊருக்குத் திரும்ப டிக்கெட் எதுவும் பார்க்கவில்லை. இந்த வாரம் எனக்கும் டெர்ரிக்கும் காலை ஷிப்ட்.